சங்கு, உப்பு நீர், பழைய டிவி: ஓர் அறிவியல் புனைவு டைட்டில் உருவாகும் விதம்

ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் என் சித்தப்பா கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவர் கடையின் பின்னறையில், அரசு அந்தக் காலத்தில் வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி ஒன்று இன்னும் ஓடுகிறது. போன மாதம் அவருடைய பழைய ஹேண்டிகேமை மஞ்சள் முனைக் கேபிளில் அந்த டிவியோடு இணைத்து, கேமராவை அதே டிவியைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். டிவிக்குள் டிவி, அதற்குள் இன்னொரு டிவி என்று ஒரு சுரங்கம் திறந்தது. கேமராவை ஒரு விரற்கடை சாய்த்ததும் சுரங்கம் முறுக்கிக்கொண்டது. அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைக்கு முன்னால் டார்ச்சை ஒரு நொடி காட்டி எடுத்தேன். டார்ச் போன பிறகும் வெளிச்சம் போகவில்லை. கேமரா பார்த்ததை டிவி காட்ட, டிவி காட்டியதைக் கேமரா மறுபடி பார்க்க, அந்த வெளிச்சம் தன்னையே தின்று வளர்ந்து, புகை மாதிரி மேலே ஏறி, நடுவில் பிளந்து கரைந்தது.

“இதத் தப்புன்னு நெனச்சு முப்பது வருசமா கேமராவத் திருப்பி வச்சுட்டே இருந்தேனேப்பா” என்றார் சித்தப்பா.

1963-ல் லண்டனில் பிபிசி செய்ததும் இதுதான். ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவு டிவி தொடருக்கு டைட்டில், அதாவது தொடக்கத்தில் பெயரோடு ஓடும் காட்சி, செய்யவேண்டிய பெர்னார்ட் லாட்ஜ் என்ற வடிவமைப்பாளர், கேமராவைத் தன் மானிட்டரையே பார்க்கவைத்தால் வரும் இந்த ஒளிச் சுழலை எடுத்துக்கொண்டார். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ‘கீ’ என்று கத்துமே, அதே கோளாறுதான். ஒலிக்குப் பதிலாக ஒளியில் நடக்கிறது. ஸ்டுடியோ ஆட்கள் தவிர்க்கப் பாடுபடும் ஒரு கோளாறு, நேரமும் வெளியும் கடந்து போகும் ஒரு பயணத்தின் முகமாக மாறியது. 60 ஆண்டு கழித்து, மண்டபத்துப் பின்னறையில் அதைப் பார்த்தபோதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எதிர்காலத்துப் பொருள் என்று ஒன்று யார் கையிலும் இல்லை. கையில் இருக்கும் பொருளை அதன் வழக்கமான வேலையிலிருந்து பிரித்து எடுத்து, முன்பின் பார்த்திராத கோணத்தில் காட்டுவதுதான் அறிவியல் புனைவு டைட்டில். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிய ‘சோழகம்’ என்ற பைலட்டுக்கு டைட்டில் செய்ய உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டது மீதி. தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று ஒரு வருடம் நிற்காமல் வீசினால் இந்தக் கரை என்னவாகும் என்பதுதான் கதை.

பைலட் என்பது ஒரு தொடரின் மாதிரி எபிசோடு. அதைப் பார்த்துத்தான் சேனலோ ஓடிடி நிறுவனமோ மீதியை எடுக்கச் சொல்லலாமா என்று முடிவு செய்யும். அறிவியல் புனைவில் அந்த முதல் எபிசோடு சுலபத்தில் கரையேறியதில்லை. ‘டாக்டர் ஹூ’வின் பைலட் 1963 செப்டம்பரில் பதிவானது, பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமனுக்குத் திருப்தி இல்லை, மறுபடி எடுக்கச் சொன்னார். நவம்பர் 23-ல் ஒளிபரப்பானபோது, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடி போட்டார்கள். அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் முதல் பைலட்டை என்பிசி சேனல் நிராகரித்தது. ஆனால் அபூர்வமாக இரண்டாவது பைலட் எடுக்க வாய்ப்பும் கொடுத்தது. தொடராக வந்தது 1966 செப்டம்பர் 8-ல்.

டைட்டில் செய்பவருக்கு இதனால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. தொடர் ஓடுமா, எந்த நடிகர் நிலைப்பார், கதை எங்கே போகும் என்று எதுவும் முடிவாகாத நேரத்தில் அவர் அந்த உலகத்துக்கு வாசல் கட்ட வேண்டும். அதனால் பல பைலட்டுகளில் பெயர் மட்டும் வரும் சில நொடி டைட்டில் கார்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடும் முழு டைட்டில், தொடர் உறுதியான பிறகுதான். 2004-ல் வந்த ‘லாஸ்ட்’ தொடர் அந்தச் சின்னக் கார்டையே கடைசி வரைக்கும் வைத்துக்கொண்டது: இருட்டில் மிதந்து வரும் நான்கு ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். பைலட்டை இயக்கிய ஜே.ஜே. ஆப்ராம்ஸ் அதைத் தன் கம்ப்யூட்டரிலேயே செய்துவிட்டார். எங்களுக்கும் அதுவே வழி என்று முதல் நாளே முடிவு செய்தோம். முழு டைட்டிலுக்கான யோசனை ஒரு பக்கம் இருக்கட்டும், பைலட்டுக்கு 9 நொடி போதும்.

பெரிய தொடர்களில் வேலை நடக்கும் முறை இப்படி. தயாரிப்புக் குழு இரண்டு மூன்று டைட்டில் ஸ்டுடியோக்களைக் கூப்பிட்டு ஸ்கிரிப்டைக் கொடுக்கும். ஒவ்வொரு ஸ்டுடியோவும் தனித்தனி யோசனையோடு வரும். முதலில் மூட் போர்டு: ஓவியம், புகைப்படம், துணியின் நெசவு, துருப்பிடித்த தகடு என்று அந்த உலகத்தின் வாசனை தெரியும் படங்களை ஒட்டிய பலகை. அடுத்தது ஸ்டைல் ஃபிரேம். வேலை கிடைப்பதும் கைவிட்டுப் போவதும் இங்கேதான். அசையப்போகும் டைட்டிலில் இருந்து எட்டு பத்து அசையாத படங்களை, இறுதியாகத் திரையில் வரப்போகும் தரத்திலேயே செய்து காட்டுவார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பார்த்தாலே அசைவு மனதில் ஓட வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அனிமேட்டிக். அது தற்காலிக இசையின் மேல் கோட்டுப்படங்களை ஓட்டிப் பார்க்கும் முரட்டு வரைவு. அப்புறம்தான் படப்பிடிப்பு, முப்பரிமாண மாடல், ரெண்டர் (கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்கிட்டு உருவாக்குவது), எழுத்து, வண்ணம் எல்லாம்.

சில சமயம் இந்த வரிசையே தலைகீழாகும். 2022-ல் வந்த ‘செவரன்ஸ்’ தொடருக்கு, பெர்லினில் இருக்கும் ஆலிவர் லாட்டா என்ற கலைஞரின் விசித்திரமான அனிமேஷன்களை இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் இயக்குநர் பென் ஸ்டில்லர் அவரைத் தேடிப்போனார். கதாநாயகனின் உடம்பை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, மாவு மாதிரி பிசைந்து, இரண்டாக்கி, ஒன்று இன்னொன்றைச் சுமப்பது போல் காட்டினார் லாட்டா. வேலைக்குப் போகும் மனசு தனி, வீட்டுக்குத் திரும்பும் மனசு தனி என்ற கதையை ஒரு வார்த்தை பேசாமல் அது சொல்லிவிடுகிறது. அந்த ஆண்டு டைட்டில் வடிவமைப்புக்கான எம்மி விருது அதற்குத்தான்.

எங்கள் மூட் போர்டில் முதலில் இருந்தது தனுஷ்கோடி. இடிந்த தேவாலயம், மணல் மூடிய சுவர், வெறும் கடல். இந்தக் கரைக்குக் கேமராவோடு வருபவர்கள் எல்லாம் எடுக்கும் படம். அறிவியல் புனைவு என்றதும் ‘உலகம் அழிந்த பிறகு’ என்று காட்ட இதைவிடச் சுலபமான இடம் வேறு கிடையாது. என் அப்பத்தா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, “இது எங்க ஊருடா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அந்த ஊர் போனது. பயணிகளோடு வந்த ரயில் கடலுக்குள் போனது. அங்கே இறந்தவர்களின் வீட்டுச் சுவரை, நடக்காத ஒரு அழிவுக்குப் பின்னணியாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் படங்களை எடுத்துவிட்டோம். நல்லதுதான் நடந்தது, ஏனென்றால் அதன் பிறகுதான் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள்களைப் பார்க்க ஆரம்பித்தோம்.

உப்பு நீரில் இருந்து தொடங்கினோம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், விண்வெளி மேகத்தைத் தொட்டியில்தான் செய்தார்கள். கண்ணாடித் தொட்டியின் அடியில் உப்பு நீர், மேலே நல்ல தண்ணீர். உப்பு நீர் கனம் என்பதால் இரண்டும் கலக்காமல் ஒரு படுகையாக நிற்கும். மேலிருந்து வெள்ளைச் சாயத்தைச் செலுத்தினால், அது கீழே இறங்கி வந்து உப்பு நீரின் எல்லையில் தடுக்கப்பட்டு, பக்கவாட்டில் பொங்கிப் பரவும். மழை மேகம் திரள்வது போலவே இருக்கும். 1977-ல் வந்த ‘க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்’ படத்தின் மேகங்களை சிறப்புக் காட்சிக் கலைஞர் டக்ளஸ் ட்ரம்புல் குழு இப்படித்தான் உருவாக்கியது.

இந்த ஊரில் கடல் நீருக்கா பஞ்சம்? நல்ல தண்ணீர்தான் குடம் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. மீன் தொட்டி ஒன்றில் கடல் நீரைப் பாதி நிரப்பி, கனம் கூட இரண்டு கைப்பிடி கல்லுப்பு கரைத்தோம். நேரே ஊற்றினால் கலந்துவிடும் என்பதால், பிளாஸ்டிக் தாள் ஒன்றை நீர்மேல் மிதக்கவிட்டு, அதன் மேல் ஒரு குடம் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி, தாளை ஓரமாக உருவினோம். தண்ணீர் கலந்த பாலை ஊசிக்குழலில் எடுத்து விட்டோம். முதல் மூன்று முறை தாளை உருவும்போதே எல்லைக் கோடு கலங்கிப் போனது. நான்காவது முறை பால் இறங்கியது, நின்றது, விரிந்தது. பக்கத்தில் பச்சை விளக்கு வைத்து நொடிக்கு 120 ஃபிரேம், அதாவது 120 படம், எடுத்து, நொடிக்கு 24 வீதம் ஓட்டினோம். ஐந்து மடங்கு மெதுவானதும் தொட்டியின் அளவு கண்ணுக்கு மறந்துபோனது. சோழகம் கிளம்பும் நாளில் தென்கடல் மேல் ஏறும் மேகம் திரையில் நின்றது. ஒரு சாண் உயரம்தான் இருக்கும் அது.

இதே மாதிரி பாசியையும் பார்த்தோம். மண்டபம் கடலோரத்தில் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் பாசியில் ஒரு கொத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அடியிலிருந்து விளக்கு காட்டி, மேக்ரோ லென்ஸில் பார்த்தால் அது ரத்தக் குழாயா, நகரத்துச் சாலையா, ஏதோ ஒரு உயிரின் உள்புறமா என்று சொல்ல முடியாது. தீவுப் பக்கம் போய் எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கிண்ணமே போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

‘டாக்டர் ஹூ’வுக்கு 1973 டிசம்பரில் வந்த புதிய டைட்டிலில், பெர்னார்ட் லாட்ஜ் வேறொரு உத்திக்கு மாறினார். ஸ்லிட் ஸ்கேன் என்று பெயர். கறுப்பு அட்டையில் ஒரு மெல்லிய கீற்று, அதன் பின்னால் ஒளியூட்டிய ஓவியம். ஒரே ஒரு ஃபிரேமுக்காக ஷட்டரைத் திறந்து வைத்தபடி கேமரா அந்தக் கீற்றை நோக்கி நகரும், ஓவியமும் பின்னால் நகரும். கீற்று வழியாக வந்த ஒளி ஃபிலிமில் இழுபட்டு, தூரத்தில் தொடங்கி முகத்தை நோக்கி வரும் சுவராகப் பதியும். பிறகு அடுத்த ஃபிரேம், மறுபடி முதலில் இருந்து. 1968-ல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்காக ட்ரம்புல் உருவாக்கிய முறை இது. அந்தப் படத்தில் ஒளி நீளும் வழித்தடம் முழுக்க, ஒரு கீற்றின் வழியாகக் காலத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்ததுதான்.

போனில் இருக்கும் பனோரமாவும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. காட்சியைக் கீற்றுக் கீற்றாக வாங்கி ஒட்டும். பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது போனைக் கையில் அசையாமல் பிடித்துப் பனோரமா எடுத்தால், சில போன்களில் ரயிலின் ஓட்டமே நகர்த்தும் வேலையைச் செய்துவிடும். கடல் ஒரே பட்டையாக இழுபடும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியைக் கடக்கும்போது, அதன் இரும்புச் சட்டங்கள் சாய்ந்தும் நெளிந்தும் பதிந்தன. சாய்வு எவ்வளவு என்பது ரயிலின் வேகத்தைப் பொறுத்தது. அந்தப் படங்களை முழு டைட்டிலுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒலி பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. ‘டாக்டர் ஹூ’வின் இசையை எழுதியவர் ரான் கிரெய்னர். அதை நாம் இன்று கேட்கும் ஒலியாக ஆக்கியவர் டெலியா டெர்பிஷயர். பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கைக்கு வராத காலம். ஒரு கம்பியை மீட்டிய ஒலி, சீரான ஒலி எழுப்ப, சோதனைக்கு வைத்திருந்த ஆசிலேட்டர் என்ற கருவிகளின் ஒலி, வெறும் இரைச்சல் இவற்றை டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு சுரத்தையும் தனியாக உண்டாக்கினார். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டினார். ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை டேப்பின் அங்குலத்தில் அளந்தார். மூன்று நான்கு டேப் மெஷின்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார். வேட்டியில் நூல் எண்ணும் பொறுமை அது. ஆனாலும் டைட்டிலில் பல ஆண்டுகள் அவர் பெயர் வரவே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ டைட்டிலில் விண்கலம் நம்மைக் கடந்து பாயும்போது ‘உஷ்ஷ்’ என்று ஒரு காற்றொலி வருமே, அது இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் கரேஜ் தன் வாயால் ஊதியது. அந்தக் கலமும் 11 அடி நீளமுள்ள மாடல்தான். விளக்குக்கான வயர்கள் இடது பக்கம் தொங்கியதால், வலது பக்கத்தையே பெரும்பாலும் காட்டினார்கள்.

எங்களுக்குச் சங்கு இருந்தது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகும் ஒரு மாமாவிடம் கேட்டபோது, “எந்தச் சத்தம் வேணும் மாப்ள, கோயில் சத்தமா, சாவுச் சத்தமா?” என்றார். அதுவரை எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியதில்லை. ஊதும் சங்கு ஒன்றுதான், நீளமும் இடைவெளியும் வேறு. கேட்கும் எவருக்கும் இரண்டில் ஒன்று நெஞ்சில் வந்துவிடும். அது தொடரின் அர்த்தத்தையே திருப்பிவிடும். அதனால் சங்கின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் எடுத்தோம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே போகும், கால்வாசியாக்கினால் இரண்டு ஸ்தாயி. இரண்டு ஸ்தாயி இறக்கியதும் அது கோயிலும் இல்லை, சாவும் இல்லை. பெரிய காற்று ஒன்று தூரத்தில் எழும்பும் ஒலி. அதன் அடியில் நாட்டுப்படகின் டீசல் இன்ஜின் ‘டபடப’வை மெல்லியதாக வைத்தோம்.

எழுத்துதான் கடைசியில் எங்களை அதிக நாள் பிடித்தது. 2016-ல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ டைட்டிலில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இமேஜினரி ஃபோர்சஸ் என்ற ஸ்டுடியோ, 1970-களின் எழுத்துருவான ஐடிசி பெங்குயட்டைப் பிரமாண்டமாகப் பெரிதாக்கி, எழுத்தின் துண்டுகள் சிவப்பு ஒளியோடு இருட்டில் நகர்ந்து வந்து பொருந்துவதாகச் செய்தது. பழைய கால ஒளிக்கசிவு எப்படி இருக்கும் என்று பார்க்க, எழுத்தை ஃபிலிமில் அச்சிட்டுப் பின்னால் விளக்கு வைத்துச் சோதித்தார்கள். அதைப் பார்த்துத் தமிழில் செய்யப்போகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது கொம்பில்தான். அனிமேஷன் மென்பொருளில் ‘சோழகம்’ என்று அடித்து, எழுத்தெழுத்தாக வரச் சொன்னேன். பழைய பதிப்பு என்பதால், இரட்டைச் சுழிக் கொம்பு தனியாக ஒரு பக்கம் பறந்தது, கால் தனியாக விழுந்தது, ‘ச’ நடுவில் அநாதையாக நின்றது. எழுத்துருவாக வைத்திருக்கும் வரை இந்தத் தொல்லைதான். எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, ஒவ்வொரு துண்டையும் கையால் நகர்த்த வேண்டும்.

மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா பின்னால் வந்து நின்றார். முப்பது வருடம் மணமக்கள் பெயரைத் திரையில் சுழலவிட்டவர்.

“ஏம்ப்பா, அது தப்பா வந்தப்ப நல்லா இருந்துச்சே. கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். நம்ம அரிச்சல்முனைல ரெண்டு கடலும் வர்ற மாதிரி.”

தனுஷ்கோடி முனையில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். சோழகக் காலத்தில் ஆண் கடல் அடித்துப் புரளும். இந்தப் பக்கம் குளம் போலக் கிடக்கும். சித்தப்பா சொன்னபடியே செய்தோம். கொம்பு இடப்பக்கமிருந்து அலைக்கழிந்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுங்கி வருகிறது. கால் வலப்பக்கமிருந்து ஒரே சீராக வழுக்கி வருகிறது. நடுவில் ‘ச’ அசையாமல் இருக்கிறது. மூன்றும் சேரும் வரை அதை யாராலும் ‘சோ’ என்று படிக்க முடியாது.

நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வைத்தது. ஒரு நாளைக்கு 13.6 கோடி முறை அது அழுத்தப்படுகிறது என்று 2022-ல் அந்த நிறுவனமே சொன்னது. இதைக் காட்டி, டைட்டிலுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாவது எபிசோடை ஒரே மூச்சில் பார்க்கிறவர் தாண்டட்டும். பைலட்டைப் பார்க்க வந்தவர் புது வீட்டு வாசலில் நிற்கிறார், அவருக்கு அந்த 9 நொடி வேண்டும்.

நொடிக்கு 24 வீதம் 9 நொடிக்கு 216 ஃபிரேம். பால் மேகத்தின் மேல் எழுத்தின் ஒளி விழுந்து சிதற வேண்டும் என்பதால், சித்தப்பா கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய 12 நிமிடம் பிடித்தது. மொத்தம் 43 மணி நேரம். உப்புக் காற்றில் அதன் மின்விசிறி துருப்பிடித்துக் கிடந்ததால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எதிரில் டேபிள் ஃபேனைச் சுழலவிட்டோம். கரண்ட் இரண்டு முறை போனது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமிக்க வைத்திருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது.

200-ஆவது ஃபிரேமில் எழுத்து எல்லாம் இடத்துக்கு வந்துவிடுகிறது, ‘ம’வின் மேல் புள்ளி மட்டும் இல்லை. ‘சோழகம’ என்று குறையாக நிற்கிறது. சங்கொலி தேய்கிறது. 212-ல் புள்ளி விழுகிறது. அதே ஃபிரேமில் ஒலியை முழுவதுமாக வெட்டிவிட்டோம். மீதி நான்கு ஃபிரேம் அப்படியே நிற்கிறது, அப்புறம் இருட்டு.